நாலாம் நம்பர் ஆட்டக்காரர் உன்னை உதைக்கவில்லை

கோபி,

நீ அனுப்பிய பட்டு வேட்டி வந்து சேர்ந்தது. அளவு சரியாக இருக்கிறது. வேட்டியில் அளவு தவறிப்போக வழியில்லை என்பதால் இதற்காக உன்னைப் பாராட்டும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கவில்லை. மடிப்புக்குள் ஒரு தாளும் இருந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை திருப்பதியில் நடக்கும் உன் பட விழாவில் நான் மேடையேறிப் பேச வேண்டிய பேச்சு அதில் அச்சடித்திருக்கிறது. ஒரு பக்கப் பேச்சில் நான் இரண்டு முறை அழுகிறேன். முதல் அழுகை வணக்கம் சொன்ன கையோடு வந்துவிடுகிறது. இரண்டாவது, நான் உன் காலில் விழப்போய் நீ என்னைத் தடுத்து அணைத்துக்கொள்ளும் இடத்தில். "என் மகனின் கனவைக் கொளுத்திய பாவி நான்" என்று நான் சொல்ல வேண்டும். பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'குரல் உடைகிறது' என்று போட்டிருக்கிறது. முப்பத்தொரு வருடம் சித்தூர் பஸ் நிலையத்தில் மைக் முன்னால் உட்கார்ந்து, வேலூருக்கும் திருப்பதிக்கும் பலமனேருக்கும் போகிறவர்களைத் தெலுங்கிலும் தமிழிலும் கூப்பிட்டவன் நான். அந்தக் காலத்தில் ஒலிபெருக்கி பலமுறை உடைந்திருக்கிறது. குரல் உடைந்ததில்லை.

இதை உன்னிடம் நேரில் சொல்லத்தான் முதலில் முயன்றேன். உன் எண்ணுக்கு அடித்தால் மேனேஜர் எடுக்கிறார். மரியாதையான பையன். "சார் ஷாட்ல இருக்காரு அங்கிள்" என்கிறார். காலை ஆறு மணிக்கும் நீ ஷாட்டில் இருந்தாய், மதியச் சாப்பாட்டு வேளையிலும் ஷாட்டில் இருந்தாய். உலகத்தில் இவ்வளவு உழைப்பவர்கள் குறைவு. வாட்ஸ்அப்பில் நான்கு நீண்ட செய்திகள் எழுதினேன். நான்குக்கும் கைகூப்பும் படம் ஒன்று பதிலாக வந்தது. ஐந்தாவதாக, 'நீ ஒரு பொய்யன்' என்று மட்டும் எழுதினேன். அதற்கும் அதே கைகூப்பு வந்தது. கூடவே ஒரு பூங்கொத்து. ஆகவே இதைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். உன்னைப் பற்றி எது அச்சில் வந்தாலும் வெட்டியெடுத்து உன் மேசையில் வைக்க ஓர் ஆள் இருப்பதாக நீயே பேட்டியில் சொல்லியிருக்கிறாய். அவருக்கு என் நன்றி. நீ படித்தது தெலுங்கு மீடியம், தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். பரவாயில்லை, மெதுவாகப் படி. பெற்றவன் கோபத்துக்கு அடியில் பாசம் ஒளிந்திருக்கும் என்று மேடைகளில் சொல்வார்கள். நானும் தேடிப் பார்த்தேன். இந்த வாரம் இல்லை.

உன் பட முன்னோட்டத்தை நானும் உன் அம்மாவும் அவளுடைய போனில் பார்த்தோம். ஒரு தகப்பன் குடித்துவிட்டு வருகிறான். மகன் கையிலிருக்கும் பந்தைப் பிடுங்குகிறான். மண்ணெண்ணெய் ஊற்றி எரிக்கிறான். மகன் அந்தச் சாம்பலை நெற்றியில் பூசிக்கொண்டு ஓடுகிறான். நம் வீட்டில் அந்த நாளில் கேஸ் அடுப்பு இருந்தது. ரேஷனில் கிடைத்த மண்ணெண்ணெயை உன் அம்மா விளக்குக்கென்று பூட்டி வைத்திருந்தாள். ஒரு பந்துக்காக அவள் அதை எனக்குத் தந்திருக்க மாட்டாள். உனக்குப் பந்து வாங்க நான் வேலூர் வரைக்கும் போனதுண்டு. எரித்ததில்லை. ஆனால் இதற்கெல்லாம் நான் கோபப்படவில்லை. சித்தூரில் என்னைக் குரலால்தான் அடையாளம் தெரியும், முகத்தால் தெரியாது. அந்த நடிகருடைய முகத்தை என் முகம் என்று நாலு பேர் நினைத்தால் எனக்கு லாபம்தான்.

"இன்னாங்க இது, உங்கள இம்மாங் கெட்டவனா காட்டிக்கிறான்?" என்றாள் உன் அம்மா.

"கெட்டவன்தான். ஆனா நான் வேற மாதிரி கெட்டவன்."

"மீச மட்டும் நல்லாக்கீது" என்றாள். அவள் உன்னிடம் குறை காண்பதில்லை. உனக்கும் சேர்த்து என்னிடம் காண்பாள்.

அதற்கு அடுத்த காட்சியில்தான் நான் போனை வாங்கி நிறுத்தினேன். மஞ்சள் சட்டை போட்ட ஒருவன் வருகிறான். முதுகில் நாலாம் நம்பர். யாரோ "டேய் ஏழுமல, முடிச்சிடு" என்று கத்துகிறார்கள். அவன் சிரித்துக்கொண்டே, கீழே கிடக்கும் உன் முழங்காலைப் பார்த்து மிதிக்கிறான். கால் உடைகிற சத்தம், கல்யாண வீட்டில் அப்பளம் நொறுக்குகிற மாதிரி கேட்கிறது. திரை கறுப்பாகி, 'உண்மைச் சம்பவங்களைத் தழுவியது' என்று எழுத்து வருகிறது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏழுமலை என்பவன் இருக்கிறான். நகரியில் பவர்லூம் ஓட்டிய ஒருவருடைய மகன். என் மகன் சித்தூர் கால்பந்து அணிக்கு ஆடியபோது அவன் நகரி அணிக்கு ஆடினான். மஞ்சள் சட்டை, நாலாம் நம்பர். போட்டிக்கு முந்தின நாளே பஸ் ஏறி வந்து நம் வீட்டில் தங்குவான். மறுநாள் எதிர் எதிராக ஆடப்போகிற இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிடுவீர்கள். "துன்னுடா, துன்னுட்டு நாளைக்கு எம் புள்ளைக்கு வழி உடு" என்பாள் உன் அம்மா. "சோறு வேற, கோலு வேற ஆயம்மா" என்பான் அவன். அவன் இருக்கிற பக்கம் பந்து போவது கஷ்டம் என்று உனக்குத் தெரியும். அதனால்தான் அன்று நீ செய்ததைச் செய்தாய்.

மாவட்டக் கோப்பையின் கடைசி ஆட்டம். சென்னையிலிருந்து ஒரு கிளப்பின் ஆள் வந்து பந்தலில் உட்கார்ந்திருந்தார். இரண்டு அணியிலிருந்தும் சேர்த்து ஒரே ஒருவனைக் கூட்டிப் போவார் என்று எல்லோருக்கும் தெரியும். பஸ் நிலையத்துக்காரன் என்பதால் மைக்கை என்னிடம் கொடுத்திருந்தார்கள். உங்கள் இரண்டு பேருக்கும் பதினேழு வயது. ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது மைதானத்துக்குள் ஒரு கன்றுக்குட்டி புகுந்தது. ரெஃப்ரி புத்தூர்ப் பக்கத்து டிரில் மாஸ்டர், பொறுப்பானவர். விசிலை வாயில் வைத்துக்கொண்டு கன்றை விரட்ட ஓடினார். ஆட்டத்தை நிறுத்த மறந்துவிட்டார். அவர் முதுகு காட்டிய அந்த நேரத்தில் நீ பந்தோடு கோலுக்குப் பக்கத்தில் போனாய், ஏழுமலை குறுக்கே வந்தான், நீ விழுந்தாய். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூன்று முறை உருண்டாய். கூட்டம் கத்தியது. ரெஃப்ரி திரும்பினார். என்ன நடந்தது என்று தெரியாமல் நின்றார். அப்போது ஒலிபெருக்கியில் ஒரு குரல், முதலில் தெலுங்கிலும் பிறகு தமிழிலும், "நாலாம் நம்பர் ஆட்டக்காரர் ஏழுமலை, கோபியின் முழங்காலில் உதைத்துவிட்டார்" என்று சொன்னது. ரெஃப்ரி சிவப்பு அட்டையை எடுத்தார். பெனால்ட்டியை நீ அடித்தாய். நன்றாக அடித்தாய், உருண்ட கால்தான்.

பஸ் நிலைய வேலையில் ஒரு பழக்கம் உண்டு. பஸ்ஸைக் கண்ணால் பார்த்து அறிவித்தால் தாமதமாகிவிடும். டெப்போவிலிருந்து போன் வந்ததும், வண்டி வளாகத்துக்குள் நுழையும் முன்பே, 'மூன்றாவது பிளாட்பாரத்தில் புறப்படத் தயாராக நிற்கிறது' என்று சொல்லிவிட வேண்டும். சொன்ன பிறகு பஸ் வந்து நிற்கும். பெரும்பாலும் வந்துவிடும். அந்தப் பழக்கத்தில்தான் பார்க்காமல் சொல்லிவிட்டேன் என்று பதினெட்டு வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். நான் பார்த்தேன். என் நாற்காலியிலிருந்து அந்த இடம் நேராகத் தெரிந்தது. உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அந்தக் கன்றுக்குட்டி படுத்துத் தூங்கலாம், அவ்வளவு இடைவெளி இருந்தது. அந்த உதை, வந்து சேராத பஸ். நான் அதை அறிவித்து, ஆட்களையும் ஏற்றி அனுப்பினேன்.

அன்று சாயங்காலம் நீ வீட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். எனக்கு வேறு என்ன கேட்பதென்று தெரியவில்லை.

"காலு வலிக்குதாடா?" என்றேன். நீ வாயில் இருந்ததை மென்று முடித்துவிட்டு நிமிர்ந்தாய்.

"எந்தக் காலு நைனா?" என்றாய்.

அங்கே நான் உன்னை அறைந்திருக்க வேண்டும். அறைவது தவறு என்று இப்போது புத்தகங்களில் எழுதுகிறார்கள், நானும் படித்திருக்கிறேன். அப்படியானால் அறையாமல், மறுநாள் போட்டிக் கமிட்டியில் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நான் சிரித்தேன். நீயும் சிரித்தாய். உன் அம்மா இன்னும் இரண்டு இட்லி வைத்தாள். நீ நடிகனானது ஹைதராபாத்தில் என்று பேட்டிகளில் சொல்கிறாய். திருத்திக்கொள். நீ நடிகனானது சித்தூர் மைதானத்தில். உன் முதல் பின்னணிக் குரல் நான்.

ஏழுமலையை ஒரு வருடம் எங்கும் ஆடக் கூடாது என்று கமிட்டி சொல்லிவிட்டது. சென்னைக்காரர் உன்னைக் கூட்டிப் போனார். பத்து நாள் கழித்து ஏழுமலையின் அப்பா பஸ் நிலையத்துக்கு வந்து, என் அறையின் கம்பி ஜன்னலுக்கு வெளியே நின்றார். தறி வேலையை விட்டு வந்ததில் தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"சார், எம் புள்ள ஒதைக்கவே இல்லன்னு அழுவுறான். அவன் பொய் சொல்ல மாட்டான். ஆனா நீங்க மைக்ல சொன்னீங்களாம். நீங்க பாத்தீங்களா சார்?"

"பார்த்தேன்" என்றேன்.

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "அப்ப சரிதாங்க. நீங்க சொல்ற பஸ்ஸுலதான நாங்க ஏர்றோம்" என்றார். கும்பிட்டுவிட்டுப் போனார். அடுத்த வாரமே மகனைத் தறியில் உட்காரவைத்தார். பையன் பொய் சொல்கிறான் என்று நம்பித்தான் அவர் செத்தார் என்று எனக்குப் பின்னால் தெரிந்தது. உன் பேச்சுத் தாளில் நான் அழ வேண்டிய இடங்களைக் குறித்திருக்கிறாய் அல்லவா, இந்த இடத்தைக் குறிக்க விட்டுவிட்டாய்.

நீ நல்ல ஆட்டக்காரன். இதைச் சொல்ல எனக்குச் சிரமமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லாமல் விட்டால் நானும் உன் படத்தைப் போல ஆகிவிடுவேன். உன் இடது கால் பந்தோடு பேசும். சென்னையில் ஆடினாய், கோவாவில் ஆடினாய், கொல்கத்தாவில் ஆடினாய். தெருவில் எவனும் கிரிக்கெட் மட்டையைத் தவிர வேறு எதையும் கையில் எடுக்காத ஊரிலிருந்து போய் அவ்வளவு தூரம் ஆடியது சின்ன விஷயமில்லை. ஆனால் போன இடத்திலெல்லாம் விழுந்தாய். தொலைக்காட்சியில் ஒருமுறை கொல்கத்தா ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தோம். காற்று வீசிய மாதிரி இருந்தது, நீ விழுந்தாய். அந்த ஊர் ரெஃப்ரி பக்கத்தில் எந்தக் கன்றும் இல்லை. உனக்கே மஞ்சள் அட்டை காட்டினார். உன் அம்மா, "பாவம், அடிபட்ட புள்ளைக்கே அட்ட குடுக்கறானே" என்றாள். நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன்.

உன் முழங்கால் உண்மையில் எப்படிப் போனது என்பதும் எனக்குத் தெரியும். மறுபடி கோவாவுக்கு ஆடப் போயிருந்தாய். வாடகை ஸ்கூட்டரில் போய் ஓர் இளநீர் வண்டியில் மோதினாய். வண்டி ஓரமாக நின்றுகொண்டிருந்தது. உன் ஆட்ட வாழ்க்கையிலேயே எதிராளி நிஜமாக உன்னைச் சாய்த்தது அந்த ஒருமுறைதான், அதுவும் அது அசையவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்து, "நைனா, யார்கிட்டயும் சொல்லாத. ஆட்டத்துல பட்டதுன்னு சொல்லிக்கினு இருக்கறேன்" என்றாய். நான் யாரிடமும் சொல்லவில்லை. முதல் பொய்க்கு வாய் கொடுத்தேன், இரண்டாவதற்கு வாயை மூடினேன். பிறகு பங்காருபாளையம் மாங்காய் மண்டியில் உன் முதல் சண்டைக் காட்சி எடுத்தபோது வந்து நின்று பார்த்தேன். கதாநாயகன் கையை வீசினார். கை உன் மேல் படவில்லை. நீ பறந்துபோய் மாங்காய்க் கூடைகளின் மேல் விழுந்தாய். டைரக்டர், "இந்த மாதிரி விழறதுக்கு இண்டஸ்ட்ரியிலயே ஆள் இல்ல" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அங்கே அது உன் தொழில். யாருக்கும் கெடுதல் இல்லை. பன்னிரண்டு அடியாட்களில் ஒருவனாக விழுந்து விழுந்து, கதாநாயகனின் நண்பனாகி, இப்போது கதாநாயகனாகவே ஆகிவிட்டாய். அது வரைக்கும் எனக்கு உன்மேல் பெரிய புகார் கிடையாது.

ஓர் அறிவுரை சொல்கிறேன். தகப்பன் கடிதத்தில் அறிவுரை இல்லாவிட்டால் பத்திரிகைக்காரர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பொய் சொல்லி வாழலாம், கோபி. பலர் வாழ்கிறார்கள், நன்றாகவே வாழ்கிறார்கள், பேரன் பேத்தி எடுக்கிறார்கள். ஆனால் பொய்யை உன் பெயரில் சொல்லு. அடுத்தவன் பெயரையும் ஊரையும் சட்டை நம்பரையும் அதில் சேர்க்காதே. நீ சொன்ன பொய்க்குள் ஒரு மனிதன் குடியிருக்க வேண்டியதாகிவிடும், அவன் மகளும் குடியிருக்க வேண்டியதாகிவிடும். பெயரை மாற்றச் சொல்லி உன் மேனேஜரிடம் கேட்டேன். "சென்சார் முடிஞ்சிருச்சி அங்கிள், உதை இல்லன்னா செகண்ட் ஹாஃப் நிக்காது" என்றார். என் மீசையை மாற்றியிருக்கிறீர்கள், என் அடுப்பை மாற்றியிருக்கிறீர்கள், இளநீர் வண்டியை மனிதனாகவே மாற்றியிருக்கிறீர்கள். ஒரு பெயரை மாற்ற முடியவில்லை.

சென்ற வாரம் நகரிக்குப் போனேன். ஏழுமலை இப்போது ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் சூப்பர்வைசர். கம்பெனி பஸ்ஸில் போய்க்கினு வந்துக்கினு இருப்பதாகச் சொன்னான். காலை ஷிப்ட் முடிந்து திரும்புகிற நாட்களில், சாயங்காலம் ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்தில் பெண்பிள்ளைகளுக்குப் பந்து சொல்லிக்கொடுக்கிறான். ஐந்து வருடமாக. அதற்கு அவனுக்கு யாரும் எதுவும் தருவதில்லை. அவன் கேட்டதும் இல்லை. எங்கும் ஆடக் கூடாது என்று நாம் அவனை உட்காரவைத்த பிறகு அவனிடம் மிச்சம் இருந்த ஆட்டம் அதுதான். முன்னோட்டம் வந்த மறுவாரம் தலைமை ஆசிரியர் அவனைக் கூப்பிட்டு, படம் வந்து போகும்வரை மைதானத்துக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். 'காலை உடைக்கிறவனிடம் பெண்ணை அனுப்ப மாட்டோம்' என்று பெற்றவர்கள் வந்து நின்றார்களாம்.

அவன் வீட்டில் எனக்குக் கதவைத் திறந்தது அவன் மகள் சந்தியா. பன்னிரண்டு வயது. கோல்கீப்பர். நான் யார் என்று தெரிந்ததும் கையைக் கட்டிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"தாத்தா, உங்க பையன் நல்லா வுழுவாரா?"

"நல்லா வுழுவாம்மா."

"எங்க கிளாஸ்ல எல்லாரும் அப்பிடியே வுழுவுறாங்க. நான் நடந்து போனா முட்டியப் புடிச்சிக்கினு உருள்றாங்க. டீச்சர் வந்தா எழுந்துக்கிறாங்க."

"நீ இன்னா பண்ணுவ?"

"தாண்டிப் போவேன்" என்றாள்.

ஏழுமலை உள்ளேயிருந்து வந்தான். தலை நரைத்திருக்கிறது. உன் வயதுதான், உன்னுடையது கறுப்பாக இருப்பதற்கு ஆள் வைத்திருக்கிறாய். "இன்னா பெரிப்பா, இவ்ளோ தூரம்? போன் பண்ணியிருந்தா நானே வந்திருப்பேனே" என்று நாற்காலி போட்டான். நீ அவனையும் ஞாயிற்றுக்கிழமை மேடைக்குக் கூப்பிட்டிருப்பதை அவன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

"என்ன மன்னிக்கிறாராம் பெரிப்பா. மேடையில வச்சி, எல்லார் முன்னாடியும் கட்டிப் புடிச்சி மன்னிப்பாராம். காரு அனுப்புறாங்களாம். ஏசி காரு. பொண்ணையும் கூட்டிக்கினு வரச் சொல்றாங்க."

"நீ என்ன சொன்ன?"

"நான் இன்னா பண்ணேன்னு கேட்டேன். அந்த மேனேஜரு, 'அதெல்லாம் டைரக்டரு சொல்லுவாரு, நீங்க அழுதா மட்டும் போதும்'ன்றாரு." சிரித்தான். பிறகு சிரிக்கவில்லை. "நீங்க பாத்தீங்கன்னு எங்க நைனா சொன்னாரு பெரிப்பா. கடைசி வரைக்கும் அத்தையே சொல்லிக்கினு இருந்தாரு. 'அந்தாளு பாத்தேன்னாருடா'ன்னு. நெஜமா பாத்தீங்களா?"

அவன் அப்பா கேட்ட அதே கேள்வி. இந்த முறை நடுவில் கம்பி ஜன்னல் இல்லை. "பார்த்தேன். உன் கால் படவே இல்லை. பட்டதென்று பொய் சொன்னேன்" என்றேன். அவன் என்னைத் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவன் சுவரில் மாட்டியிருந்த அப்பா படத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "இத்த எச்செம் கிட்ட சொல்றீங்களா?" என்று மட்டும் கேட்டான். அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான். படம் நிற்க வேண்டாம், நஷ்ட ஈடு வேண்டாம், உன் மன்னிப்பும் வேண்டாம். சாயங்காலம் நாலரைக்கு மைதானத்துக்குள் போக வேண்டும்.

இரண்டு பேரும் நடந்தே பள்ளிக்கூடத்துக்குப் போனோம். தலைமை ஆசிரியர் தெலுங்குக்காரர், தன்மையாகப் பேசினார். "ஏழுமலை மஞ்சி மனிஷி, நல்ல மனுஷன்தான் சார், எனக்குத் தெரியாதா? ஆனா பேரண்ட்ஸ் வந்து நிக்கிறாங்க. நேனு ஏம் செய்யனு, சொல்லுங்க? நீங்க வாயால சொன்னா நான் யாருக்குக் காட்டறது? ராதபூர்வகமா குடுங்க சார், எழுத்துல. நோட்டீஸ் போர்டுல போட்டுடறேன்." ஒரு தாளும் பேனாவும் கொடுத்தார். நான் எழுதினேன். அன்றைய ஆட்டத்தில் மைக்கில் பேசியவன் நான் என்றும், நாலாம் நம்பர் ஆட்டக்காரர் என் மகனை உதைத்ததாக நான் அறிவித்தது பொய் என்றும், ஏழுமலை யாரையும் உதைக்கவில்லை என்றும், பிறகு அவருடைய தகப்பனாரிடமும் தெரிந்தே அதே பொய்யைச் சொன்னேன் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தலைமை ஆசிரியர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"சார், இதுல உங்க அப்பாயி, உங்க பையன் பேரு கெட்டுப்போவுமே?"

"அவனுக்கு இப்ப சினிமாவுல வேற பேரு சார்" என்றேன்.

உன் அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. மறுநாள், "நான் திருப்பதிக்குப் போவேன். எம் புள்ளயப் பாக்கணும். ஆனா மேடை ஏற மாட்டேன், எவன் கூப்டாலும்" என்றாள். ஆகவே ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு ஒரு நாற்காலி போடு. எனக்கும் ஏழுமலைக்கும் போடாதே. அந்த மன்னிப்புக் காட்சியை நீ எடுத்துவிட வேண்டும். பெயரையும் நம்பரையும் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் என்ன செய்வேன் என்று நான் மிரட்டப்போவதில்லை. செய்வதைச் செய்துவிட்டுத்தான் எழுதுகிறேன். இந்தப் பத்திரிகை உன் விழாவுக்கு முன்பே கடைக்கு வந்துவிடும்.

பள்ளிக்கூடத்தில் நடந்ததில் ஒன்று பாக்கி இருக்கிறது. நான் எழுதிய தாளை ஏழுமலையும் வாங்கிப் படித்தான். விரலை வைத்து வரி வரியாகப் படித்தான். ஓர் இடத்தில் விரல் நின்றது.

"பெரிப்பா, இங்க ஒண்ணு தப்பாக்கீது. யாரையும் உதைக்கலன்னு போட்டுக்கிறீங்க."

"ஆமாம்."

"அந்தத் தபா ஒதைக்கல. ஆனா மொத பாதியில ஒரு தபா ஒதைச்சேன். கணுக்கால்ல. பந்து போயிடுச்சி, வேணும்னேதான் ஒதைச்சேன். ரெஃப்ரி பாக்கல. அத்தையும் எழுதுங்க."

"வத்துய்யா, வேணாம், அது எதுக்கு இப்ப?" என்று தலைமை ஆசிரியர் பதறினார்.

"போர்டுல போடுவீங்க இல்ல சார்? பொண்ணுங்க படிக்கும். நாளைக்கு அதுங்க முன்னாடிதான நான் நிக்கணும்" என்றான்.

எழுதினேன். திங்கட்கிழமையிலிருந்து அவன் மைதானத்துக்கு வரலாம் என்று தலைமை ஆசிரியர் சொல்லிவிட்டார். அந்தத் தாளின் நகலைத் தபாலில் உனக்கும் அனுப்பியிருக்கிறேன். உதை இல்லாமல் உன் படம் நிற்காது என்றால் அந்த முதல் பாதி உதையை எடுத்துக்கொள். உதைத்தவனே கையைத் தூக்கி ஒப்புக்கொண்டிருக்கிறான். அவன் சொன்ன பிறகுதான் எனக்கும் நினைவுக்கு வந்தது. அதையும் நான் அந்த நாற்காலியிலிருந்து பார்த்தேன். மைக்கில் சொல்லவில்லை, சொல்ல எதுவும் நடந்த மாதிரி தெரியவில்லை. ஏனென்றால் நிஜமாக உதைபட்ட அந்த ஒருமுறை நீ விழவில்லை, கோபி. நொண்டிக்கொண்டே பந்தின் பின்னால் ஓடினாய்.